பத்தேகாலுக்குப் பின் வந்தவர்கள்

"ஆர்டர் போட்டாச்சு. சரின்னு பதிலும் வந்தாச்சு. பின்ன ஏன் நடக்கல?"

கேட்டவர் தாசையன். ராணுவத்தில் சிக்னல் பிரிவு ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் ஒரு குருதிக்கொடையாளர் மன்றத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

எதிரில் இருந்தவர் சபூரா. தாசையனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தாசையனுக்கு வேலை பழக்குகிறவர் அவர்தான். முதல் நாள் தாசையன் சல்யூட் அடித்தார். சபூரா அதை நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து தாசையன் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்.

மாவட்டத்தில் யாருக்கு என்ன ரத்த வகை, எந்த ஊர், கடைசியாக எப்போது கொடுத்தார் என்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. அந்த டேட்டாபேஸ் மன்றத்தின் கட்டடத்தில் இல்லை. மும்பையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில், வாடகைக்கு எடுத்த இடத்தில் இருந்தது. மன்றத்தில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

அதனோடு பேச பைத்தான் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுத வேண்டும். உருவாக்கு, நிறுத்து, நகலெடு, அழி என்று சொல்வதற்கான கட்டளைகள் எல்லாம் லைப்ரரி என்ற ஒரு தொகுப்பில் தயாராக இருக்கும். எடுத்துக் கோத்தால் போதும்.

அன்று தாசையன், பழகிப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன டேட்டாபேஸை உருவாக்கச் சொல்லியிருந்தார். சரி என்று வந்தது. உள்ளே போகப் பார்த்தால் கதவே இல்லை.

"சரின்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி?" என்று கேட்டார் சபூரா.

"பட்டாளத்துல சரின்னா முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"இங்க சரின்னா, காதுல விழுந்துதுன்னு அர்த்தம்."

"அப்பம் எவ்வளவு நேரம் ஆகும்?"

சபூரா சாப்பிட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கழுவினார். துடைத்தார். ஜன்னலில் வெயில் படுகிற இடம் பார்த்துக் கவிழ்த்து வைத்தார். வந்து உட்கார்ந்தார்.

திரையில் 'தயார்' என்று வந்திருந்தது.

"இவ்வளவு நேரம்" என்றார்.

*

இன்னொரு நாள் தாசையன் சொன்னார்: "இந்த லைப்ரரியில காத்திருக்கதுக்குன்னே ஒரு கட்டளை வச்சிருக்கான். சும்மா இருக்கதுக்கு எதுக்கு ஒரு கட்டளை?"

"சும்மா இருக்கல. அரை நிமிசத்துக்கு ஒருக்க, ஆச்சான்னு கேக்குது."

"இல்லன்னு சொன்னா?"

"மறுபடி அரை நிமிசம்."

"அவ்வளவுதானா?"

"கோவப்படாது. அவ்வளவுதான்."

தாசையன் அந்தக் கட்டளையைத் தன் எல்லா நிரல்களிலும் சேர்த்துக்கொண்டார். அது காத்திருந்தது. பக்கத்தில் அவர் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்.

*

பிறகு ஒரு காலை, கொடையாளர் விவரத்தைத் திருத்தும் அனுமதியை சபூரா அவருக்குக் கொடுத்தார்.

முதல் வேலை சின்னது. தோவாளையில் ஒரு கொத்தனார். பி பாசிட்டிவ் என்று தவறாகப் பதிவாகியிருந்தது. ஓ பாசிட்டிவ் என்று மாற்ற வேண்டும். ஒரு மனிதர், ஒரு வரி.

தாசையன் கட்டளையை இரண்டு வரியாக எழுதினார். முதல் வரியில், ரத்த வகையை ஓ பாசிட்டிவ் ஆக்கு. இரண்டாவது வரியில், யாருக்கு என்பது.

ஓட்டும்போது முதல் வரியை மட்டும் ஓட்டிவிட்டார்.

சரி என்று வந்தது. எத்தனை பேருக்கு மாற்றப்பட்டது என்ற எண்ணும் வந்தது. அது ஒன்று இல்லை. அது மாவட்டம் முழுவதும்.

தாசையன் பட்டியலைத் திறந்தார். கொத்தனார் ஓ பாசிட்டிவ். அடுத்த பெயர் ஓ பாசிட்டிவ். அதற்கடுத்ததும். விரலால் உருட்டிக்கொண்டே போனார். நிற்கவில்லை.

அவருடைய பெயரும் அதில் இருந்தது. பட்டாளத்தில் கழுத்தில் தொங்கிய தகட்டில் பி பாசிட்டிவ் என்று பொறித்திருந்தார்கள். இப்போது அவரும் ஓ பாசிட்டிவ்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய் சபூராவின் மேஜைக்கு முன் விறைத்து நின்றார்.

"டீச்சர். அழிச்சிட்டேன்."

"என்னத்த?"

"எல்லாரையும்."

என்ன செய்தார் என்பதைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. சபூரா கேட்டு முடித்தார். திரையைப் பார்க்க எழுந்திருக்கவில்லை.

"எப்பம் நடந்துது?"

"பத்தேகால்."

"நிச்சயமா?"

"கடிகாரம் பாத்துட்டுதான் வாறேன்."

"நல்லது, கொள்ளாம்" என்றார் சபூரா.

"இதுல என்ன கொள்ளாம் டீச்சர்?"

"நேரம் தெரியுதே."

தாசையன் கணினியை நோக்கித் திரும்பினார். சபூரா கை நீட்டித் தடுத்தார்.

"மிஷின் எங்கயும் ஓடிப் போகாது. மொதல்ல மனுசங்ககிட்ட சொல்லிட்டு வாங்க."

*

மனுசங்க என்றால் லில்லிபாய். மருத்துவமனைகளிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, பட்டியலில் ஆளைத் தேடி, வரச்சொல்லிக் கெஞ்சுகிறவர் அவர்தான்.

"லில்லி, லிஸ்ட் கெட்டுப் போச்சு. நான் கெடுத்துட்டேன். நான் சொல்லுத வரைக்கும் அதப் பாத்து யாரையும் கூப்பிடாத."

"எப்படிக் கெட்டுப் போச்சு?"

"எல்லாரும் ஓ பாசிட்டிவ் ஆயிட்டாங்க."

லில்லிபாய் சிரித்தார். தாசையனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

ரத்தத்தைச் சோதிக்காமல் எந்த மருத்துவமனையிலும் ஏற்றிவிட மாட்டார்கள். அது இருவருக்கும் தெரியும். ஆனால் தவறான ஆளை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரச் சொன்னால், சரியான ஆள் வரும் நேரம் போய்விடும். அதுவும் இருவருக்கும் தெரியும்.

அப்போது தொலைபேசி அடித்தது.

லில்லிபாய் எடுத்தார். கேட்டார். வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு தாசையனைப் பார்த்தார்.

"தக்கலையிலேருந்து. காலையில பிரசவம் ஆன பொண்ணு. ரத்தப்போக்கு நிக்கல்லியாம். ஓ நெகட்டிவ். கையிருப்ப ஏத்திட்டிருக்காங்க. மத்தியானத்துக்குள்ள இன்னும் ரெண்டு ஆள் வேணுமாம்."

தாசையன் கையை நீட்டினார். லில்லிபாய் தொலைபேசியைக் கொடுத்தார்.

"சிஸ்டர், எங்க லிஸ்ட் இப்பம் சரியில்ல. என் கையால கெட்டுப் போச்சு. சரியாக்கிட்டிருக்கோம். பதினோரு மணி தாண்டிரும். நீங்க வேற இடத்துலயும் கேட்டு வையுங்க. நாங்களும் விட மாட்டோம்."

மறுமுனையில் யாரையோ கூப்பிட்டு, வேறு ரத்த வங்கிக்கும் அடிக்கச் சொல்வது கேட்டது.

"சொன்னது நல்லதாப் போச்சு" என்றது அந்தக் குரல். "இல்லன்னா உங்கள நம்பி உக்காந்திருப்போம். சீக்கிரம் பாருங்க."

*

சபூரா தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"நானா? நீங்க பண்ணுங்க டீச்சர். என் கை வேண்டாம்."

"கெடுத்த கைக்குத்தான் இப்பம் எல்லாம் ஞாபகத்துல இருக்கும். உக்காருங்க."

தாசையன் உட்கார்ந்தார்.

மும்பைக் கணினி தினமும் டேட்டாபேஸை முழுதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். நடுவில் நடப்பதையும் விடாமல் எழுதி வைத்துக்கொண்டே வரும். இந்த நிமிடத்தில் எப்படி இருந்ததோ அப்படிக் கொடு என்று கேட்டால் கொடுக்கும். லைப்ரரியில் அதற்கும் ஒரு கட்டளை உண்டு. எதிலிருந்து, எந்த நிமிடம், புதிய பெயர் என்ன என்று மூன்றும் சொல்ல வேண்டும்.

"புதுப் பெயர் எதுக்கு?" என்று கேட்டார் தாசையன். "இருக்கதையே பின்னால தள்ள முடியாதா?"

"முடியாது. பத்தேகாலுக்கு முந்தி எப்படி இருந்துதோ, அது மாதிரி புதுசா ஒண்ணு பக்கத்துல பொறக்கும். பழையது அப்படியே இருக்கும்."

"கெட்டுப் போனபடியா?"

"கெட்டுப் போனபடி."

தாசையன் முகத்தைச் சுளித்தார். பத்து பதினாலு என்று நேரத்தை அடித்தார். பொத்தானுக்கு விரல் போனது.

"அந்த மிஷின் எந்த ஊர்க் கடிகாரம் பாக்குது?" என்றார் சபூரா.

விரல் நின்றது.

சிக்னல் பிரிவில் செய்தி எழுதும்போது உள்ளூர் நேரம் போட்டால் சுபேதார் காகிதத்தைக் கிழித்து எறிந்துவிடுவார். கிரீன்விச் நேரம்தான். ஜூலு டைம் என்பார்கள். எந்த மலையில் எந்த முகாமில் இருந்தாலும் அதுதான் கணக்கு. தாசையனுக்கு அது தூக்கத்திலும் வரும். மும்பையில் இருந்தாலும் அந்தக் கணினிக்கும் அதே கணக்குதான்.

"அஞ்சரை மணி நேரம் பின்னால" என்றார். அடித்ததை அழித்தார். நாலு நாற்பத்து நாலு என்று போட்டார்.

சபூரா அதை ஒரு தரம் படித்துப் பார்த்தார்.

தாசையன் பொத்தானை அழுத்தினார்.

சரி என்று வந்தது.

*

சரி என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம்.

தாசையன் திரையைப் பார்த்தார். உருவாகிக்கொண்டிருக்கிறது. மறுபடி கேட்டார். உருவாகிக்கொண்டிருக்கிறது. மூச்சு விடுவதற்கு முன் மறுபடியும் கேட்டார்.

"அந்தக் கட்டளைதான் உங்களுக்காகக் கேட்டுட்டிருக்கே" என்றார் சபூரா.

"என்னால சும்மா இருக்க முடியல டீச்சர். அங்க ஒரு பிள்ளைக்க தாய் கிடக்கா."

சபூரா மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். பழைய ஹெட்போன் வயர்கள், சார்ஜர் வயர்கள், எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரு பெரிய உருண்டையாகக் கிடந்தன. அதை அள்ளி தாசையனின் மடியில் போட்டார்.

தாசையன் அவரைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். பிறகு ஒரு நுனியைப் பிடித்தார்.

காடு மேடெல்லாம் வயர் இழுத்த கை. இழுத்தால் இறுகும் என்று அதற்குத் தெரியும். தளர்த்தியது. ஒரு வளையத்துக்குள் நுனியை விட்டு மறுபக்கம் எடுத்தது. ஒன்று பிரிந்தது. அதைச் சுருட்டி வைத்தார். அடுத்த நுனியைத் தேடினார்.

பக்கத்து மேஜையில் லில்லிபாய் தன் நினைவிலிருந்தே ஓ நெகட்டிவ் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் போன வாரம்தான் கொடுத்தவர். ஒருவர் துபாயில். ஒரு பெண் இப்போது கர்ப்பம். அதற்குமேல் லில்லிபாய்க்கு ஞாபகம் வரவில்லை.

உருண்டையில் பாதி இன்னும் சிக்காகவே இருந்தபோது, சபூரா சொன்னார்: "பாருங்க."

தயார்.

தாசையன் உள்ளே போனார். முதலில் தன் பெயரைத் தேடினார்.

பி பாசிட்டிவ்.

கொத்தனாரைப் பார்த்தார். பழைய தவறோடு பி பாசிட்டிவ் ஆகவே இருந்தார். அந்தத் தவறைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவர் நினைத்ததில்லை.

மன்றத்தின் செயலிக்குப் புதிய டேட்டாபேஸின் விலாசத்தைக் கொடுத்தார்கள்.

"லில்லி, லிஸ்ட் வந்தாச்சு. கூப்பிடு."

*

லில்லிபாய் தேடினார். ஓ நெகட்டிவ் எப்போதுமே சிலர்தான். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல். குளச்சலில் படகு இன்ஜின் பழுது பார்க்கிற ஒருவர் எடுத்தார்.

"கையில கிரீஸா இருக்கு. கழுவிட்டு வாறேன். தக்கலைதானே" என்றார் அவர்.

ஒரு ஆள் ஆயிற்று. இன்னும் ஒரு ஆள்.

லில்லிபாய் பட்டியலின் கடைசிவரை போய்விட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

தாசையனால் உட்கார முடியவில்லை. செய்வதற்கு அவர் கையில் மிச்சமிருந்தது ஒரே வேலை. திரையில் பழைய டேட்டாபேஸ் இன்னும் இருந்தது. மாவட்டமே ஓ பாசிட்டிவாக நின்ற அந்தப் பட்டியல்.

அழி என்ற கட்டளையை எழுதினார்.

அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு படம் எடுத்து வைக்கட்டுமா என்று லைப்ரரி கேட்கும். வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதினார். தற்செயலாக அழித்துவிடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதைத் திறக்கவும் ஒரு வரி எழுதினார்.

சபூரா பின்னால் வந்து நின்றார். மூன்று வரிகளையும் படித்தார்.

"எதுக்காக்கும் இவ்வளவு அவசரம்?"

"பாக்க சகிக்கல டீச்சர். நான் செஞ்ச அசிங்கம். புதுசு வந்தாச்சே. இத எதுக்கு வச்சிருக்கணும்? இருந்தா நாளைக்கு வேற யாராவது தெரியாம இதத் திறந்து பாத்து ஆளக் கூப்பிடுவாங்க."

சபூரா தலையசைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"பத்தேகாலுக்கு அப்புறம்" என்று கேட்டார், "நம்ம வாசலுக்கு யாராவது வந்தாங்களா?"

"வாசலுக்கா? இல்லியே. காலையிலேருந்து நாம மூணு பேருதானே இருக்கோம்."

சொல்லிவிட்டு தாசையன் நிறுத்தினார்.

வாசல் என்றால் எந்த வாசல் என்று யோசித்தார்.

விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். கெட்டுப்போன பட்டியலைத் திறந்தார். பதிவான நேரத்தின்படி அடுக்கச் சொல்லி, கடைசிக்குப் போனார்.

ஓ பாசிட்டிவ். ஓ பாசிட்டிவ். ஓ பாசிட்டிவ். ஓ பாசிட்டிவ்.

ஏ பாசிட்டிவ்.

தாசையன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பி பாசிட்டிவ். ஏபி பாசிட்டிவ். ஏ நெகட்டிவ்.

மார்த்தாண்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் அன்று ரத்த வகை பார்க்கும் முகாம். மன்றத்துத் தொண்டர்கள் காலையிலிருந்து அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் விரலில் குத்தி, வகை பார்த்து, அங்கேயே கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். இங்கே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தாசையனின் கட்டளை அவர்களைத் தொடவில்லை. அது ஓடி முடிந்த பிறகு வந்தவர்கள் அவர்கள். மீட்டெடுத்த புதிய பட்டியலிலும் அவர்கள் இல்லை. அது அவர்கள் வருவதற்கு முந்தைய நிமிடம்.

அந்த ஒரு இடத்தில்தான் இருந்தார்கள்.

தாசையன் வரிவரியாகப் படித்துக்கொண்டே இறங்கினார். ஒரு வரியில் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"லில்லி" என்றார். கையை ஆட்டிக் கூப்பிட்டார். "லில்லி, இந்த நம்பர எழுதிக்கோ. ரெஜிலா. பாலிடெக்னிக்குல வொர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர். ஓ நெகட்டிவ்."

லில்லிபாய் அழைத்தார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"இப்பம்தான் விரல்ல குத்தினாங்க" என்றார் ரெஜிலா. "பஞ்சக்கூட இன்னும் தூரப் போடல. அதுக்குள்ள எப்படி எனக்க பேரு உங்களுக்குக் கிடைச்சுது?"

"அது பெரிய கதை" என்றார் லில்லிபாய். "இதுக்கு முன்னால ரத்தம் கொடுத்திருக்கியளா?"

"இல்ல. ஆனா வாறேன். பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம், ஸ்கூட்டர் இருக்கு."

*

தாசையன் எழுதி வைத்த மூன்று வரிகளையும் நீக்கினார். பத்தேகாலுக்குப் பின் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்த்தார். ஒவ்வொரு வரிக்கும், யாருக்கு என்பதை முதலில் எழுதினார். கடைசியாகக் கொத்தனாரையும் திருத்தினார். மாற்றப்பட்டது ஒன்று என்று வந்தது. அந்த ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

பிற்பகலில் தக்கலையிலிருந்து அழைப்பு வந்தது. லில்லிபாய் தாசையனிடமே கொடுத்தார்.

"நின்னுட்டுது" என்றது காலையில் பேசிய அதே குரல். "ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்தாங்க. பொண்ணு கண்ண முழிச்சுப் பேசுது. கஞ்சி கேட்டுது. பிள்ளையும் சுகம்."

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

"பொம்பளப் பிள்ளை."

"சந்தோசம் சிஸ்டர்" என்றார் தாசையன். தொலைபேசியை லில்லிபாயிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

லில்லிபாய் கீழே கடைக்குப் போய் ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கி வந்தார். மூவரும் தின்றார்கள். காலையிலும் சாப்பிடாமல் வந்தது தாசையனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்னொன்று எடுத்துக்கொண்டார். மறுபடியும் ஒன்று எடுத்தார். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. லில்லிபாய் எதையோ சொல்ல, காலையில் பாதியில் நின்ற சிரிப்பை மூவரும் சிரித்து முடித்தார்கள்.

எண்ணெய்க் கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு தாசையன் கேட்டார்:

"டீச்சர், கெட்டுப் போன லிஸ்டுக்குள்ள ரெஜிலா இருக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாது."

"முகாம் நடக்கதாவது ஞாபகம் இருந்திருக்கும்."

"அதுவும் இல்ல."

"பின்ன எதுக்கு அழிக்க வேண்டாம்னு சொன்னீங்க?"

"நான் எப்பம் அழிக்க வேண்டாம்னு சொன்னேன் அண்ணாச்சி?" என்றார் சபூரா. "யாராவது வந்தாங்களான்னுதானே கேட்டேன்."